பூட்டிய ஃபிளாட்டும் கதவில்லாத வீடும்

பண்டமாரான், கிள்ளான்.
ஞாயிறு, மழை விட்ட மாலை.

என் மனைவி சீதாலெட்சுமியின் உடன்பிறந்த அண்ணனும், அரசாங்க ஃபிளாட்டின் ஏழாவது மாடியை நெடுங்காலமாக அனுபவித்து வருபவரும், தற்சமயம் ரவாங்கில் மகன் வீட்டில் காற்று வாங்கிக்கொண்டிருப்பவருமாகிய மச்சான் ஜெயராஜ் அவர்களுக்கு, பண்டமாரான் கன்னையா மரியாதையுடன் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் தங்கச்சி உஷாராணியும் சுகமாகவே இருப்பீர்கள், இரண்டு வீடு இருப்பவர்களுக்குச் சுகத்தில் என்ன குறை வரப்போகிறது? போனில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் நடுவில் நீங்களும் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்காரர் நாச்சியப்பன் மறுபடியும் வாடகையை ஏற்றிவிட்டார். தங்கமான மனிதர், அவருக்கு அதிர்ந்து பேசத் தெரியாது. கோயிலிலிருந்து நேரே எங்கள் வாசலுக்கு வந்து திருநீற்றை நீட்டுவார், நாம் கண்ணை மூடிப் பூசிக்கொண்டு கண்ணைத் திறப்பதற்குள் வாடகை ஏறியிருக்கும். இந்த முறை திருநீற்றோடு லட்டும் கொண்டு வந்தார். லட்டைப் பார்த்ததுமே சீதா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் என்ன செய்யட்டும் அண்ணே, மார்க்கெட் அப்படி இருக்கு லா. பக்கத்து வூட்டுக்குப் புதுசா வந்தவன் டபுள் குடுக்கிறான். நீங்க நம்ம ஆளு, அதனால மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன்," என்றார். நம்ம ஆளு என்பதற்காகக் கிடைத்த சலுகை அதுதான். லட்டு நன்றாகத்தான் இருந்தது. ஏற்றிய வாடகையை எங்களால் கொடுக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே மாதம் முடிவதற்குள் நாங்கள் எங்காவது போயாக வேண்டும், எங்கே என்பதுதான் தெரியவில்லை.

போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் நான் என்ன வேலை செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டி ஒவ்வொன்றும் எந்த லோரியில் ஏறி எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புகிற வேலை. சீனாவிலிருந்து வந்த மின்விசிறிக்கும் பிரேசிலிலிருந்து வந்த உறைந்த கோழிக்கும் தங்க இடம் பார்த்துக் கொடுத்தவன் நான். எனக்கு ஓர் இடம் கேட்டு ஃபிளாட் அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்க பென்ஷன் கொஞ்சம் அதிகம். ஃபிளாட்டுக்குக் குவாலிஃபை ஆகாது," என்றாள். வங்கிக்குப் போனால், என் வயதையும் பென்ஷனையும் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். வாடகை வீட்டுக்கு நான் ஏழை, அரசாங்க ஃபிளாட்டுக்கு நான் பணக்காரன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். பாவம், அவளும் காஜாங்கில் வாடகைக்குத்தான் இருக்கிறாளாம்.

இப்போது உங்கள் விஷயம். மாதம் ஒரு முறை கண் மருத்துவருக்காக கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர் போகிறேன். பிரிக்பீல்ட்ஸ் நெருங்கும்போது பாதையோரம் உங்கள் ஃபிளாட் வரும். ஏழாவது மாடி, ஓரத்து ஜன்னல். அது எப்போதும் மூடியே இருக்கிறது. கம்பியில் ஒரு கைலி காய்வதில்லை, ஒரு சட்டை காய்வதில்லை. மகன் தனேஷ் இன்ஜினியர், ரவாங்கில் இரண்டு மாடி வீடு, வாசலில் கோயில் தேர் அளவுக்கு ஒரு கார். இவ்வளவும் இருக்கும்போது அந்த ஏழாவது மாடியில் யார் இருக்கிறார்கள் மச்சான், கரப்பான் பூச்சியா? எனக்குப் பொறாமை என்று நீங்கள் சொல்வீர்கள். ஆமாம், பொறாமைதான். ரயில் அந்த இடத்தைத் தாண்டும்வரை நான் அந்த ஜன்னலை முறைத்துக்கொண்டே போவேன். ஒரு நாள் முறைத்தபடியே தூங்கிவிட்டேன். கனவில் உங்கள் ஃபிளாட் மெல்லத் தரையை விட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரயிலுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தது. ஏழாவது மாடி மட்டும் குனிந்து என் ஜன்னலைத் தட்டி, "ஏறிக்கிறீங்களா?" என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் விழித்துவிட்டேன், ரயில் ரவாங்கில் நின்றுகொண்டிருந்தது. உங்கள் ஊர்வரை வந்தும் உங்கள் வீட்டுக்கு வராமல் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

இதற்கு நடுவில்தான் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. அவசரப்பட்டு வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரில் காய்கறி வாங்கித் திரும்பும்போது நல்ல மழை. ஒதுங்க இடம் தேடி ஓடியதில் ஷோ ஹவுஸ் ஒன்றுக்குள் புகுந்துவிட்டோம். கட்டப்போகிற அடுக்குமாடியில் வீடு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகக் கட்டி வைத்திருப்பார்களே, அது. ஹேமா என்று ஒரு பெண் அங்கே விற்பனைக்கு இருக்கிறாள். கீரைக்கட்டும் கையுமாக நனைந்து நின்ற எங்களைப் பார்த்து, "உள்ள வாங்க அங்கிள், வாங்க ஆன்டி. பாக்குறதுக்குக் காசு இல்ல," என்றாள். அவ்வளவுதான், அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் அங்கேதான்.

அந்த வீட்டை நீங்கள் பார்க்க வேண்டும் மச்சான். சாமான் தெரிய வேண்டும் என்பதற்காக எந்த அறைக்கும் கதவே வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல். கடல் என்றால் படம், பின்னால் விளக்கு. ஆனால் எப்போது பார்த்தாலும் அங்கே காலை நேரம்தான். மேசையில் ஆரஞ்சுப் பழங்கள் இருக்கின்றன, அழுகுவதே இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, ஆனாலும் அதைத் திறந்து மூடுவதில் சீதாவுக்கு ஒரு சந்தோஷம். கட்டிலை மட்டும் அறை பெரிதாகத் தெரிவதற்காகச் சின்னதாகச் செய்திருக்கிறார்கள். முதல் நாள் அதில் படுத்தபோது என் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. சொந்த வீடு வந்ததும் மனிதன் வளர்ந்துவிடுகிறான் போலிருக்கிறது என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன். அப்படி ஒரு தூக்கம் எனக்கு இத்தனை வருடத்தில் வந்ததில்லை. யாரோ கதவைத் தட்டி வாடகை கேட்பார்கள் என்ற பயமே இல்லை, தட்டுவதற்குக் கதவு இல்லையே. தூக்கத்தில் அந்தக் கடலின் சத்தம்கூடக் கேட்டது. ஏர்கண்டிஷன் சத்தம் என்று பிறகு சீதா சொன்னாள். அவள் சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வீடு பார்க்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்து போனார்கள். ஹேமாவும் எங்களை எழுப்பவில்லை. ஆள் இருந்தால் வீடு நன்றாகத் தெரிகிறதாம்.

வில்லங்கம் சென்ற ஞாயிறு வந்தது. நாட்காட்டியில் இந்த மாதம் குடி புகுவதற்கு அந்த ஒரு நாள்தான் நன்றாக இருந்தது. நாச்சியப்பன் லட்டு கொடுத்த அன்றே சீதா அதில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டாள். நாள் வந்துவிட்டது, வீடுதான் வரவில்லை. "நல்ல நாள வுட்டா திரும்ப வராதுங்க. பால மட்டும் காய்ச்சிடுவோம், வீடு அப்புறம் வரட்டும்," என்றாள். எங்கே காய்ச்சுவது என்று நான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் சின்ன கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டேன்.

ஷோ ஹவுஸில் அடுப்பும் உண்டு, ஆனால் அது எரியாது. அதன்மேல் எங்கள் அடுப்பை வைத்தாள். புதுப் பானைக்கு மஞ்சள் கட்டி, பொட்டு வைத்து, கிழக்கு எந்தப் பக்கம் என்று ஹேமாவைக் கேட்டு, பாலை ஊற்றினாள். பால் அழகாகப் பொங்கி வழிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மனதுக்குள் என்ன கேட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சீதா கற்பூரம் ஏற்றினாள், உடனே கூரையில் இருந்த புகைமணி ஊரைக் கூட்டியது. வாசலில் காவலுக்கு இருக்கிற நேப்பாளத்து ஜாகா தீயணைக்கிற உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கற்பூரத்தைப் பார்த்ததும் உருளையைக் கீழே வைத்துவிட்டு, சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீடு பார்க்க வந்திருந்த சீனத் தம்பதி, பணம் வைத்த சிவப்பு ஆங்பாவ் உறையை என் கையில் திணித்து, "கொங்க்ராட்ஸ் அங்கிள், எப்ப வாங்கினீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நான் சிரித்தேன். அது பொய் இல்லை, சிரிப்புத்தான்.

அங்கேதான் கெட்டது. ஆட்கள் இப்போதே பால் காய்ச்சிக் குடி வர ஆரம்பித்துவிட்டார்கள், இனித் தாமதித்தால் கிடைக்காது என்று அங்கே நின்ற அத்தனை பேரும் நினைத்துவிட்டார்கள். பால் ஆறுவதற்குள் நான்கைந்து குடும்பம் முன்பணம் கட்டியது. நாங்கள் எல்லாருக்கும் டம்ளரில் பால் கொடுத்துக்கொண்டிருந்தோம். விஷயம் வாட்ஸ்அப்பில் பரவி, அந்த வாரத்திலேயே மீதி வீடுகளும் போய்விட்டன. இன்று மழையோடு மழையாக நாங்கள் போனபோது ஹேமா ஓடி வந்து சீதாவைக் கட்டிக்கொண்டாள். "ஆன்டி, உங்க ராசி! அத்தனையும் சோல்ட் அவுட்! எனக்கு பாஸ் போனஸ் குடுத்துட்டாரு!" என்றாள். அவளுக்குப் பின்னால் ஆட்கள் கடலைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வீடெல்லாம் விற்றுவிட்டதால் ஷோ ஹவுஸ் தேவையில்லையாம், நாளைக்கு இடித்துவிடுகிறார்கள். சீதா அந்தப் பிளாஸ்டிக் ஆரஞ்சில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். ஊருக்கெல்லாம் வீடு வாங்கிக் கொடுத்துவிட்டோம், எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போக இருந்த இடமும் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது மச்சான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஆகையால் இப்போது உங்களைக் கேட்கிறேன். ஒரு மனிதன் இரண்டு வீட்டை வைத்துக்கொண்டு ஒன்றைப் பூட்டி வைப்பது நியாயமா? இருக்கிறவர்களே இப்படிச் செய்தால் இல்லாதவன் எந்த மாடிக்குப் போவான்? ரவாங் வீட்டில் கீழ் அறை காலியாக இருப்பதாகவும், நாங்கள் அங்கே வந்துவிடலாம் என்றும் தங்கச்சி உஷாராணி சீதாவிடம் ஜாடையாகச் சொன்னாராம். மன்னிக்க வேண்டும். கல்யாணம் ஆன புதிதிலேயே உங்கள் அப்பா கூப்பிட்டும் நான் வீட்டோடு மாப்பிள்ளையாக வரவில்லை. பேரன் எடுக்கிற வயதிலா மச்சான் வீட்டில் போய்த் தட்டை நீட்டுவேன்? கிள்ளான் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தாலும் படுப்பேனே தவிர, நீங்கள் காலில் விழுந்து அழைத்தாலும் உங்கள் வாசற்படியை மிதிக்க மாட்டேன். இது இந்தக் கன்னையாவின் முடிவு. இதில் இனிப் பேச்சே கிடையாது.

மற்றபடி தங்கச்சிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? சீதா தைலம் ஒன்று அனுப்பச் சொன்னாள், அடுத்த முறை அனுப்புகிறேன். தனேஷுக்கும் மருமகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், அந்தக் காருக்கும்தான். பத்துமலையான் உங்களையும் உங்கள் இரண்டு கூரைகளையும் மழை ஒழுகாமல் காக்கட்டும்.

தீராத மனக்குறையோடும் குறையாத அன்போடும்,
உங்கள் மைத்துனன்,
கன்னையா.

பின்குறிப்பு: அண்ணே, இது சீதா. கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். உறையை ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். நீங்கள் ரவாங் போன மாதமே ஃபிளாட் சாவியை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்று அண்ணி எனக்கு அப்போதே சொல்லிவிட்டார். நான்தான் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இவருக்குக் கோபப்பட ஆளே இல்லாமல் போய்விடும், பிறகு தன் மேலேயே கோபப்பட ஆரம்பித்துவிடுவார். அதை என்னால் பார்க்க முடியாது. போன வாரம் இவருக்குத் தெரியாமல் உங்கள் ஏழாவது மாடிக்குப் போய்வந்தேன். இப்போது அங்கே வாணி என்று ஒரு பெண் குடியிருக்கிறாள், இரண்டு சின்னப் பிள்ளைகள், புருஷன் இல்லை. மாடி தவறி வந்துவிட்டேன் என்றேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கும் பொறாமையாகத்தான் இருந்தது, ஆனால் அவளிடம் போய் என்ன கோபப்படுவது? இன்னொன்று, உங்கள் ஜன்னல் ரயில் பாதைப் பக்கமே இல்லை. இவர் இத்தனை மாதமாக முறைத்துக்கொண்டு போவது வேறு யாரோ வீட்டு ஜன்னலை.

அண்ணி சொன்ன அந்தக் கீழ் அறை எங்களுக்கு வேண்டும் அண்ணே. ஆனால் நீங்கள் அன்பாக அழைத்தால் இவர் வரவே மாட்டார். அதனால் நல்ல கோபமாக ஒரு பதில் எழுதுங்கள். "ஆம்பளையா இருந்தா நேர்ல வந்து பேசு" என்று போடுங்கள். சண்டைக்கு என்றால் அடுத்த ரயிலிலேயே ஏறிவிடுவார். சாமான்களை நான் லோரியில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுதல் அண்ணே, சண்டையைச் சீக்கிரம் முடித்துவிடாதீர்கள்.