முடிச்சுக்காரி பெர்லித்தா

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதில் மேலாளர் இல்லாமல் இருக்கலாம், குளிர்சாதனம் ஓடாமல் இருக்கலாம், சம்பளம்கூடத் தேதிக்கு வராமல் இருக்கலாம். முடிச்சுக்காரர் மட்டும் இல்லாமல் இருக்கவே மாட்டார்.

யார் இந்த முடிச்சுக்காரர்? ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே நேரத்தில் தும்மினால் ‘அடடா, என்ன பொருத்தம்!’ என்று நெஞ்சில் கை வைப்பவர். லிஃப்டில் அந்த இருவர் மட்டும் ஏறும்படி மற்றவர்களின் சட்டையைப் பிடித்து நிறுத்தி, ‘நாம அடுத்ததுல போலாம், எனக்கு மூச்சு வாங்குது’ என்பவர். குழுவாகப் படம் எடுக்கும்போது, ஓரத்தில் ஆளே இல்லாவிட்டாலும், ‘இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, ஓரத்துல ஆள் விழல’ என்று கையாட்டி, நெருங்க வேண்டிய இருவரை மட்டும் நெருங்க வைப்பவர். ஆண் முடிச்சுக்காரர்களும் உண்டு, ஆனால் அவர்களுக்கு நுணுக்கம் போதாது. கலை என்றால் அது பெர்லித்தாவிடம்தான்.

பெர்லித்தா மகரயேக், மண்டலுயோங் நகரத்தில் குளியலறை டைல்ஸ் விற்கும் நிறுவனம் ஒன்றில் புகார் பிரிவுத் தலைவி. டைல்ஸ் விரிசல் விட்டது, பச்சை கேட்டால் நீலம் வந்தது என்று கத்திக்கொண்டு வருபவர்களைச் சிரித்தபடி அனுப்பி வைப்பது அவள் உத்தியோகம். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனப்பாட்டுக்கு வேறு தொழில் வைத்திருந்தாள். அவள் முடித்து வைத்த கல்யாணங்களில் அவளே ஞானத்தாயாகப் பீடத்தருகே நின்றாள். அந்தத் தம்பதிகளுக்குப் பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கும் அவளே ஞானத்தாய். கிறிஸ்துமஸ் வந்தால் அவள் வீட்டு வாசலில் ஞானப்பிள்ளைகள் வரிசை கட்டி, அவள் புறங்கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பரிசுக்காக முகத்தைப் பார்த்து நிற்பார்கள்.

அவளுக்கு? நாற்பத்தாறு வயது. அப்பா போன பிறகு தம்பிகள் மூவரையும் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, அவர்களுக்கும் பெண் பார்த்து நிமிர்ந்தபோது, அவளுடைய முறை எந்த வழியாகப் போனதென்று தெரியவில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வருத்தப்பட உட்கார்ந்தால் ஊரார் காதலை யார் கவனிப்பது?

அப்படியிருக்கும்போதுதான், மழைக்காலம் தொடங்கிய சமயம், இலோய்லோ கிளையிலிருந்து புது மேலாளராக பிதெலினோ அப்ரெனிக்கா வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், மகள் துபாயில் நர்ஸ். இலோய்லோக்காரர்கள் திட்டினாலும் தாலாட்டுப் பாடுவது போலத்தான் இருக்கும். இவர் திட்டவும் மாட்டார். முதல் நாள் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தவருக்கு, விற்பனைப் பிரிவு ரோவேனா ஒரு துண்டை நீட்டினாள். அன்று நனைந்து வந்த எல்லோருக்கும்தான் நீட்டினாள். அந்த ‘எல்லோருக்கும்’ பெர்லித்தாவின் கண்ணில் விழவே இல்லை.

“பாத்தியா?” என்று கிடங்குப் பொறுப்பாளன் போயெட்டின் விலாவில் இடித்தாள். “துண்டை வாங்கும்போது சாரோட கை நடுங்குச்சு.”

“குளிருதுக்கா அவருக்கு.”

“உனக்கு என்னடா தெரியும்!”

அவ்வளவுதான், முடிச்சு விழுந்துவிட்டது. ரோவேனாவுக்கு இருபத்தொன்பது வயது, கப்பலில் பொறியாளராக இருக்கும் ஒருவனோடு நிச்சயமாகியிருந்தது என்பதெல்லாம் இந்தத் தொழிலில் சில்லறைத் தடங்கல்கள்.

“கப்பல்காரன்டீ அவன். வருஷத்துல முக்கால்வாசி தண்ணியில கிடக்கிறான். இங்க சார் கெட்டித் தரையில நிக்கிறாரே, அது உன் கண்ணுல படலையா?”

“அக்கா, அவருக்கு எங்கப்பா வயசு.”

“அதான் பொறுப்பா இருப்பாரு!”

இப்படிச் சொல்பவளோடு யார் வாதாடுவது? ரோவேனா சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

சார் என்ன செய்தார்? மாலைச் சிற்றுண்டி நேரத்தில் தன் காபிக் கோப்பையோடு புகார் பிரிவுப் பக்கம் வருவார். அங்கே பெர்லித்தாவின் மேசைக்கு அடுத்த மேசை ரோவேனாவுடையது. போதாதா? ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வாயில் வைத்ததும் உடையும் சுருட்டு பிஸ்கட்டுகளை ஒரு டப்பா நிறைய வாங்கிவந்து பெர்லித்தாவின் கையில் கொடுத்து, “உங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னீங்களே” என்பார். பெர்லித்தாவின் உள்ளம் குளிர்ந்துபோகும். எவ்வளவு நாசூக்கான மனுஷன்! நேரே கொடுத்தால் ஊர் பேசும் என்று இவள் வழியாக அனுப்புகிறார். டப்பா அப்படியே, பிரிக்கப்படாமலே, ரோவேனாவின் மேசைக்கு நகரும். அந்த வருஷம் ரோவேனாவுக்கு இரண்டு பாவாடைகள் இடுப்பில் ஏறவில்லை.

ஒரு நாள் பேய்மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், ஜீப்னி வண்டி எதுவும் நகரவில்லை. சார் தன் காரை வாசலில் நிறுத்தி, “பெர்லித்தா, ஏறுங்க, வீட்டுல விட்டுடறேன்” என்றார். பெர்லித்தா என்ன செய்தாள் தெரியுமா? மாடிக்கு ஓடிப்போய், குடை விரித்துக் கிளம்பிக்கொண்டிருந்த ரோவேனாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முன் இருக்கையில் திணித்துவிட்டு, தான் பின்னால் டைல்ஸ் சாம்பிள் பெட்டிகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். வழி நெடுக மூச்சுக் காட்டவில்லை. முன்னால் இருந்த இருவரும் மழையைப் பற்றி ஒரு வார்த்தை, தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு ஓய்ந்தார்கள். சார் மட்டும் அடிக்கடி கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

“பின்னாடி வண்டி வருதான்னு பாக்குறாரு. எவ்வளவு ஜாக்கிரதை!” என்று மறுநாள் போயெட்டிடம் உருகினாள்.

போயெட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். “அக்கா, ஒண்ணு சொல்லவா? சார் அந்தப் பொண்ணைப் பாக்கவே இல்ல. அவரு பாக்கிறது…”

“தெரியும்டா, வெக்கம். நேரா பாக்க மாட்டாரு.”

போயெட் கும்பிட்டுவிட்டுக் கிடங்குக்குப் போய்விட்டான். அலுவலகத்தில் காவலாளி உட்பட எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. தூரத்தில் இருப்பதையெல்லாம் துல்லியமாகப் பார்க்கும் கண்ணுக்கு மூக்கின் மேல் இருப்பது தெரியாதில்லையா?

இதுவரை விளையாட்டு. அக்டோபரில் ரோவேனாவுக்கு விற்பனைக் குழுத் தலைவியாகப் பதவி உயர்வு வந்தது. பழைய மேலாளரே எழுதிவிட்டுப் போன சிபாரிசு. சார் கையெழுத்து மட்டும்தான் போட்டார். பெர்லித்தா பூரித்துப்போய், தலைமை அலுவலகத் தோழியிடம் தொலைபேசியில், “சார் சும்மா விடுவாரா, அவரோட ஆளாச்சே!” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாடி மாடியாக ஏறியது. ஏற ஏற அதில் சிரிப்பு குறைந்துகொண்டே போனது. வாரக் கடைசியில் பணியாளர் பிரிவு ரோவேனாவைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மேலாளரோடு அவளுக்கு என்ன உறவு என்று விசாரித்தது.

வெளியே வந்த ரோவேனா நேராகப் பெர்லித்தாவின் மேசைக்கு வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பெர்லித்தா சமாளித்திருப்பாள். கத்துபவர்களைச் சமாளிப்பதுதானே அவள் தொழில்.

“ஆறு வருஷமா வெயில்ல கடை கடையா ஏறி இறங்கி வாங்கின பதவி இது, அக்கா. இப்ப நான் யாரோட ஆளாம்? என் கப்பல்காரன் காதுக்கும் போயாச்சு. நடுக்கடல்லேர்ந்து போன் பண்ணிக் கேக்கறான். நான் என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லிக் குடுங்க.”

பெர்லித்தாவுக்கு இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தான் இரண்டு பேரைச் சேர்த்து வைக்கவில்லை, ஒருத்தியின் உழைப்பைத் தூக்கி இன்னொருவரின் பையில் போட்டுவிட்டோம் என்பது உறைத்தது. எழுந்து சாரின் அறைக்குப் போனாள்.

“மன்னிச்சிடுங்க சார். எல்லாம் என் வாயால வந்தது. உங்களையும் ரோவேனாவையும் சேத்து… பணியாளர் பிரிவுல நானே போய்ச் சொல்லிடறேன்.”

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் காலையிலேயே போய்ச் சொல்லிட்டேன். பழைய மேலாளரும் பேசிட்டாரு. அந்தப் பொண்ணு பதவிக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம், நான் கலம்பா தொழிற்சாலைக்கு மாத்தல் கேட்டிருந்தேன். கிடைச்சிடுச்சு.”

பெர்லித்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐயோ சார், ரோவேனாவை மறக்கறதுக்காகவா?”

“பெர்லித்தா!” தாலாட்டுக் குரலிலும் ஒரு சலிப்பு ஏறியது. “அந்தப் பொண்ணுகிட்ட நான் மொத்தமாப் பேசினதே அன்னிக்கு மழையைப் பத்தித்தான்.”

“அப்ப அந்த பிஸ்கட்?”

“உங்களுக்கு.”

“சிற்றுண்டி நேரத்துல வருவீங்களே?”

“உங்க மேசைக்கு.”

“மழையன்னிக்குக் கார்ல…”

“நீங்கதானே அவளை இழுத்துட்டு வந்து முன்னாடி உக்கார வச்சீங்க. நான் என்ன பண்ணட்டும்? கண்ணாடியிலயாவது பாத்துக்கலாம்னு பாத்தேன்.”

பெர்லித்தா ஒரு விரலால் தன்னையே காட்டிக்கொண்டாள்.

“உங்க மேலதிகாரியா இருக்கிற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன்” என்றார் சார். “இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டுக் கேட்டா அது கேள்வியா இருக்காது, உத்தரவாயிடும். அதான் மாத்தல். திங்கள்லேர்ந்து நான் உங்களுக்கு யாருமில்ல. இப்ப கேக்கலாமா? பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லுங்க, ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

ஊருக்கெல்லாம் காதல் வசனம் சொல்லிக்கொடுத்த பெர்லித்தாவிடம் அந்த நிமிஷத்தில் சொந்தமாக ஒரு வசனமும் இல்லை. பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்தது.

“உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம் சார். ஒரு வாரத்துல பதில் சொல்றோம்.”

சொல்லிவிட்டு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது மறந்து இரண்டு முறை இழுத்து, தள்ளி, வெளியே வந்தாள்.

அன்று சிற்றுண்டி நேரம், எல்லோரும் நூடுல்ஸ் தட்டோடு கூடியிருந்தபோது, பெர்லித்தா எழுந்து நின்றாள். “ரோவேனா பதவி அவ உழைச்சு வாங்கினது. சாருக்கும் அவளுக்கும் ஒண்ணுமில்ல. அந்தக் கதையைக் கட்டினது நான். தலைமை அலுவலகத்துக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். ரோவேனா, உன் கப்பல்காரன்கிட்ட நானே பேசறேன், நம்பர் குடு.”

ரோவேனா உடனே உருகிவிடவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். “பேசுங்க. ஆனா அவனுக்கு வேற யாரையும் பாத்து வச்சிடாதீங்க” என்றாள். அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

போயெட் விடுவானா? “அதெல்லாம் சரிக்கா. அப்ப சார் இத்தனை நாள் யாரைப் பாக்க இந்தப் பக்கம் வந்தாரு?”

பெர்லித்தாவின் முகம் காதுவரைக்கும் சிவந்தது. அவ்வளவுதான், மொத்த அலுவலகமும் “ஆயீயீயீ!” என்று கூவியது. யார் யாரையோ சேர்த்து எத்தனையோ தடவை அவளே தொடங்கி வைத்த கூவல் அது. மேசையில் தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள், காவலாளி வாசலை விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான். “வாய மூடுங்கடா!” என்று அவள் கத்தக் கத்தச் சத்தம் கூடியது. அடுத்தவர் முகத்தில் பார்க்க இனிப்பாக இருந்த ஒன்று தன் முகத்துக்கு வரும்போது இப்படிச் சுடும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சுட்டாலும், அன்று முழுக்க அவள் கை கன்னத்தை விட்டு இறங்கவில்லை.

ஒரு வாரம் என்றவள் மூன்றே நாளில் கலம்பாவுக்குப் போன் செய்தாள். சார் முறைப்படி அவள் வீட்டுக்கு வந்து, அவள் படிக்க வைத்த தம்பிகள் மூவரும் வரிசையாக முறைத்துப் பார்க்க, நாற்காலி நுனியில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசித் தம்பிதான் முதலில் அழுதான். “எங்கக்காவை நல்லாப் பாத்துக்கங்க” என்று சாரின் கையைப் பிடித்துக்கொண்டான். ஜூன் மாதம் கல்யாணம். ரோவேனா தன் கப்பல்காரனோடு வந்து, மணப்பெண்ணின் முக்காட்டைப் பின்னாலிருந்து ஊசி குத்திப் பொருத்திவிட்டாள்.

பெர்லித்தா திருந்தினாளா? தன் கல்யாண விருந்திலேயே, மணக்கோலத்தோடு மேசை மேசையாக நடந்து, பெயர் அட்டைகளை மாற்றி வைத்தாள். போயெட்டுக்குப் பக்கத்தில் கலம்பா தொழிற்சாலைக் காசாளர் பெண் வந்து உட்கார்ந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் வறுத்த பன்றிக்கறித் தட்டுக்குக் கை நீட்டினார்கள். பெர்லித்தா மாப்பிள்ளையின் விலாவில் இடித்தாள்.

நல்ல வேளை, நாம் இந்த ரகமில்லை என்று பெருமூச்சு விடுகிறீர்கள், இல்லையா? இருக்கட்டும். ஒன்றே ஒன்று. போயெட்டுக்கும் அந்தக் காசாளர் பெண்ணுக்கும் அப்புறம் என்ன ஆயிற்று என்று இந்த நிமிஷம் உங்களுக்குள் ஏதாவது குறுகுறுக்கிறதா?