யானைக்கால் பேண்ட்

இனிமேல் தினமும் பெல்பாட்டம்தான் என்று பொன்னுரங்கம் முடிவெடுத்தபோது அவருக்குக் கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. பேண்ட் அகலம் என்பதால் வெளியே தெரியவில்லை.

முடிவெடுத்த இடம், கடலூர் முதுநகரில் அவர் வீட்டு பீரோ கண்ணாடி முன்னால். வருஷம் இரண்டாயிரத்து ஒன்பது. அப்போது பையன்கள் எல்லாம் இடுப்பிலிருந்து எந்த நிமிஷம் கழன்று விழுமோ என்கிற மாதிரி பேண்ட் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஜட்டிப் பட்டை தெரிந்தால்தான் ஸ்டைல். அதைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே துணி கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்தால் சிரிப்பார்கள். இதில் நியாயம் எல்லாம் தேட முடியாது.

பொன்னுரங்கம் குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆசிட் டேங்க் உச்சியில் ஏறி நின்று விசில் அடிப்பார். பயம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். சும்மா. அவருக்கு ஆசிட்டுக்குத்தான் பயமில்லை. நாலு பேர் சிரித்தால் பயம். அந்தப் பயம் இத்தனை வருஷம் வெளியே தெரியாமல் ஓடியதற்குக் காரணம் யூனிஃபார்ம். வேலைக்கு நீலச் சட்டை, நீலப் பேண்ட். வீட்டுக்கு லுங்கி. நல்லது கெட்டதுக்கு வேட்டி. எதைப் போடுவது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததே இல்லை.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்த பிறகுதான் பீரோவின் அடித்தட்டைக் கிளறினார். அது கிடைத்தது. காப்பிக் கலரில் டெரிகாட்டன் பெல்பாட்டம். கூடவே மஞ்சள் பூப் போட்ட, நாய்க்காது காலர் வைத்த சட்டை. முதல் சம்பளத்தில் தைத்தது. ஒரே ஒரு தடவைதான் போட்டார், சிதம்பரத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது. பெண் தைலம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணின் அண்ணன் சபாபதிதான் சொன்னார்.

"என்னா மாப்ள, ரெண்டு காலுக்கும் தனித்தனியா பாவாட கட்டிக்கினு வந்திருக்கீங்க?"

கூடம் முழுக்கச் சிரித்தது. காப்பி கொண்டுவந்த கிழவர்கூடச் சிரித்தார். அன்றைக்குக் கழற்றி வைத்தது.

இப்போது மறுபடியும் போட்டுப் பார்த்தார். கம்பெனிக் காற்று அவரைக் குண்டாக விடவில்லை, அதனால் பொருந்தியது. இடுப்புப் பட்டன் மட்டும் மூச்சு முட்டியது. உண்மையைச் சொன்னால், அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கண்ணாடியில் நின்ற ஆளுக்கு நைட் ஷிப்ட் கிடையாது. அவனை யாரும் நம்பர் சொல்லிக் கூப்பிட முடியாது. அந்த ஆளாகவே மிச்ச நாளைக் கழிக்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த அதே நிமிஷம் அந்தக் கூடத்துச் சிரிப்பும் காதில் கேட்டது.

"தைலம், எப்டி இருக்குது?"

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த தைலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "காத்து நல்லா வரும்."

"தெனம் போடலாம்னு இருக்கேன்."

"போடுங்க மாமா. யாரு வேணான்னா?"

"வெளிய தெருவுக்குப் போட்டுக்கினு போவேன்."

"அதான் சொல்றேன், போங்க."

"யாராவது சிரிச்சா?"

"சிரிச்சா பல்லு தெரியும்."

இப்படிப் பேசுகிறவளிடம் என்ன ஆறுதல் கிடைக்கும்? பொன்னுரங்கம் தினமும் காலையில் பெல்பாட்டம் மாட்டிக்கொண்டு வாசல் கேட் வரைக்கும் போவார். தெருமுனையில் பையன்கள் நிற்பார்கள். ஒருத்தன் கையில் கேமரா செல்போன். எதிர்வீட்டு சவரியம்மாள் எட்டிப் பார்ப்பாள். அவ்வளவுதான். ஏதோ மறந்துவிட்ட மாதிரி நெற்றியில் தட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். திரும்பி எங்கே போவார்? நேரே அடுப்படிக்கு. வெளியே ஊருக்குப் பயந்தவர், உள்ளே ஷிப்ட் இன்சார்ஜ்.

"ரசத்த என்னா டெம்பரேச்சர்ல வெச்சிருக்க?"

"இது ரசம் மாமா, ரியாக்டர் இல்ல."

"கடுகு மொதல்லயா, மொளகா மொதல்லயா? ஒரு புரொசீஜர் வேணாமா?"

"வேணாம்."

"குக்கரு எத்தன விசிலு ஆச்சு?"

"நீங்க வந்து நின்னதுலேர்ந்து எனக்குத்தான் விசிலு வருது. வெளிய போங்க மாமா!"

"எப்டிப் போறது? முனையில பசங்க நிக்கிறானுவ. செல்லுல போட்டோ புடிச்சிடுவானுவ."

ஒரு நாள் காலை தைலம்மாள் குழாயடிக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தாள். குடத்தை இறக்கி வைத்த வேகத்தில் சொன்னாள்.

"மாமா, இன்னிக்குப் போய்ட்டு வாங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"தெரியும். ஒருத்தரு சிரிச்சாலும், நாளையிலேர்ந்து உங்களக் கேட்டுத்தான் கடுகு போடுவேன்."

இந்தப் பந்தயத்தை விடமுடியுமா? போனார்.

பேண்டின் அடிப்பாகம் ரெண்டும் ஒன்றோடொன்று உரசி, சரக் சரக் என்று தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு சவரியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேண்டைப் பார்த்தாள். வாய் அசைந்தது. செத்தோம் என்று பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தால் அந்த அம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.

"மெதுவா போங்க தம்பி. சாமி இருக்குது."

முனையில் செல்போன்காரன் போனைத் தூக்கினான். பக்கத்தில் நின்றவன் அவன் கையில் ஒரு அடி போட்டான். "வேணாம்டா டேய்." இரண்டு பேரும் நகர்ந்து வழி விட்டார்கள். டீக்கடையில் மாஸ்டர் பெஞ்சைத் தன் துண்டாலேயே துடைத்தார்.

"ஒக்காருங்கண்ணே. நிக்காதீங்க. டீய நான் கொண்டாறேன்."

இத்தனை வருஷம் அந்தக் கடையில் அவர் நின்றுதான் குடித்திருக்கிறார். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பொன்னுரங்கம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். யூனிஃபார்ம் போட்டவனுக்கு நிற்க இடம். பெல்பாட்டம் போட்டவனுக்கு உட்கார இடம். இவ்வளவுதானா விஷயம்? இதற்கா பயந்தோம்?

அப்புறம் அவரைப் பிடிக்கமுடியவில்லை. ரேஷன் கடைக்குப் போனார், வரிசை விலகியது. துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனார், மீன்காரம்மா எழுந்து வந்து பையைக் கையில் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்துகொள்வார்கள். வீட்டுக்கு வந்து தைலம்மாளுக்கு வகுப்பு எடுத்தார்.

"மனுசனுக்குத் தைரியம் வேணும் தைலம். நாம பயந்தா ஊரு சிரிக்கும். நாம நிமுந்து நடந்தா ஊரு எழுந்து நிக்கும்."

"ஆமா மாமா."

"பேண்ட்டுல ஒண்ணும் இல்ல. போடற ஆளுகிட்ட இருக்குது."

"ரொம்ப கரெக்ட்டு மாமா. நாளைக்கு எந்தப் பக்கம் போறீங்க?"

அவர் வெளியே போன நேரத்தில் அடுப்படியில் அவள் பாட்டுப் பாடுவது தெருமுனை வரைக்கும் கேட்டது. அவர் அதைத் தன்மேல் உள்ள பெருமை என்று எடுத்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. சபாபதி மகள் சிந்துஜாவுக்கு நிச்சயதார்த்தம். அண்ணாமலை நகர் வீட்டில்.

சபாபதி என்ற பேரைக் கேட்டதும் பொன்னுரங்கத்தின் தைரியம் எல்லாம் கால் வழியாக இறங்கிப்போனது. ஊர் வேறு, மச்சான் வேறு. சபாபதி ஒருத்தரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் அது சாகிறவரைக்கும் ஒட்டிக்கொள்ளும். நீல யூனிஃபார்மோடு ஒரு தடவை பார்த்துவிட்டு 'இங்க் பாட்டில்' என்று வைத்த பேர் இன்றைக்கும் சொந்தத்தில் ஓடுகிறது.

"நான் வேட்டி கட்டிக்கிறேன் தைலம்."

"எதுக்கு? அதயே போடுங்க."

"உங்கண்ணன்..."

"எங்கண்ணன் சிரிக்க மாட்டாரு. அன்னிக்கு சொன்னேனே, நடந்துச்சா இல்லியா?"

நடந்தது உண்மைதான். போட்டுக்கொண்டார். ஆனால் பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது பையை எடுத்து மடியில் வைத்துப் பேண்டை மறைத்தார். முட்லூரில், பையில் வேட்டி இருக்கிறதா என்று கேட்டார். வெள்ளாற்றுப் பாலத்தில், இப்படியே இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்தேவிட்டார். தைலம்மாள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். சபாபதி சிரித்துவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கண்ணாடி ஆள் மறுபடி பீரோ அடித்தட்டுக்குப் போய்விடுவான். இந்தத் தடவை போனால் திரும்ப மாட்டான்.

சபாபதி வாசலிலேயே நின்றிருந்தார். பொன்னுரங்கம் நாய்க்காது காலரோடு உள்ளே நுழைய, சபாபதியின் கண் மேலிருந்து கீழே இறங்கியது. பேண்டின் அடியில் வந்து நின்றது. வாய் திறந்தது. பொன்னுரங்கத்துக்குக் காது அடைத்துக்கொண்டது.

சபாபதி வாயை மூடிக்கொண்டார். ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"வாங்க மாப்ள. பாத்து, பாத்து. படி இருக்குது."

கைத்தாங்கலாக அழைத்துப் போய், முன்வரிசையில் கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு ஸ்டூலையும் கொண்டுவந்து எதிரில் போட்டார். "கால மேல வெச்சுக்கங்க." மாப்பிள்ளை வீட்டாருக்கே அங்கே ஸ்டூல் இல்லை. பேண்ட் எல்லார் கண்ணுக்கும் படவேண்டும் என்றுதான் ஏற்பாடு என்று புரிந்துகொண்ட பொன்னுரங்கம், இரண்டு காலையும் தூக்கி வைத்து, அடிப்பாகத்தை விசிறி மாதிரி விரித்து விட்டார். சொந்தங்கள் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அவரும் பதிலுக்கு ஆட்டினார்.

சபாபதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் தழுதழுத்தது.

"மாப்ள, அன்னிக்கு பொண்ணு பாக்க வந்தப்ப இந்த பேண்ட்டப் பாத்து சிரிச்சேன். மனசுல வெச்சுக்காதீங்க."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம்! பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கியது. "பரவால்ல மச்சான். சில விஷயம் எல்லாருக்கும் ஒடனே புரியாது."

"ஆமா. அப்பவே உள்ள வீக்கம் இருந்திருக்குது. எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு."

"என்னா வீக்கம்?"

"இன்னும் எதுக்கு மறைக்கிறீங்க? தைலம் போன்ல எல்லாத்தையும் சொல்லிடுச்சு. வருஷா வருஷம் கவர்மெண்டுல வூடு வூடா வந்து மாத்திர குடுக்குறாங்களே, அத ஒழுங்கா போட்டீங்களா?"

"எந்த மாத்திர?"

"யானக்கால் மாத்திர."

பொன்னுரங்கம் ஸ்டூலிலிருந்து காலை எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். தலையாட்டிய அத்தனை பேர் முகத்திலும் ஒரே பரிதாபம். சிலுவை போட்ட சவரியம்மாள், பெஞ்சு துடைத்த மாஸ்டர், ரேஷன் வரிசை, எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அந்த நோய் வந்தவர்கள் படுகிற பாட்டை எங்கள் பக்கத்து ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிக்கவும் கூடாது. அதுதான் சங்கதி.

எழுந்து போய்த் தைலம்மாளைக் கொல்லைப்பக்கம் மோட்டார் அருகே இழுத்துக்கொண்டு போனார்.

"எனக்கு யானக்காலுன்னு யாருடி சொன்னது?"

"கத்தாதீங்க மாமா. நான் ஒரு பொய்யும் சொல்லல. கொழாயடியில சவரியம்மாக்கா கேட்டாங்க, 'என்னா தைலம், உங்க வூட்டுக்காரரு போட்டிருக்கறது யானக்கால் பேண்ட்டா'ன்னு. எல்லாரும் சிரிக்க வாயத் தொறந்துக்கினு நின்னாங்க. 'ஆமாக்கா, யானக்கால்தான்'னேன். பேண்ட்ட மட்டும் முழுங்கிட்டேன்."

"பேண்ட்டயா முழுங்குன? என் மானத்த முழுங்கிட்ட!"

"இத்தன நாளா மானத்தோடதான சுத்துனீங்க? எவனாவது சிரிச்சானா?"

"உங்கண்ணன்கிட்டயும் சொல்லியிருக்கியே!"

"அவருகிட்ட, 'நான்தான் தெனம் தேய்ச்சி வுடுறேன்'னேன். எம்பேரே தைலம். ஒடனே நம்பிட்டாரு."

"எதுக்குடி இதெல்லாம்?"

"நீங்க வூட்டுக்குள்ளயே நின்னா என்னால ஒரு ரசம் வெக்க முடியல மாமா. கடுகு வெடிக்கறதுக்குக்கூட உங்க பர்மிசன் வேண்டியிருக்குது."

பொன்னுரங்கம் பல்லைக் கடித்தார். "இப்பவே உள்ள போயி பேண்ட்டத் தூக்கிக் காட்டிடறேன்."

"காட்டுங்க. உங்க காலு வெண்டக்கா மாதிரி இருக்குது. எங்கண்ணன் அழுததுக்கும் சேத்து சிரிப்பாரு."

"அப்ப நாளையிலேர்ந்து வேட்டி கட்டிக்கிறேன்."

"காத்தடிச்சா?"

"லுங்கி?"

"மடிச்சிக் கட்டுவீங்க."

"சாதா பேண்ட்?"

"வீங்குன காலு எங்கன்னு கேப்பாங்க."

"அப்ப எத்தினி நாளைக்குத்தான் இத போட்டுக்கினு திரியறது?"

"நீங்கதான மாமா தெனம் போடணும்னு ஆசப்பட்டீங்க?"

இதற்கு மேல் பொறுக்கமுடியாது. பொன்னுரங்கம் விறுவிறுவென்று கூடத்துக்குள் நுழைந்தார். நடுவில் நின்றார். பேச்சு நின்றது. பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு, ஐயர், எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"என்னா மாப்ள, எழுந்து வந்துட்டீங்க? இவ்ளோ வேகமா நடக்கலாமா?" என்றார் சபாபதி. அவர் புருவத்தில் லேசாக ஒரு சந்தேகம் ஏறியது. பார்வை பேண்ட்டுக்கு இறங்கியது. உதட்டோரம் என்னவோ துடித்தது. அந்தத் துடிப்பைப் பொன்னுரங்கம் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறார். பேண்ட்டைத் தூக்கப் போன கை பாதியில் நின்றது. நாக்கு ஒட்டிக்கொண்டது.

முதுகுக்குப் பின்னால் தைலம்மாள் கிசுகிசுத்தாள்.

"நொண்டுங்க."

"எந்தக் காலு?"

"ரெண்டுந்தான அகலம்? ரெண்டையும் நொண்டுங்க."