வேலை என்ற கெட்ட வார்த்தை

ஐரோப்பாவின் மானத்தைக் காப்பாற்றிய ஐந்து பேரில் அடியேனும் ஒருவன். இதைத் தற்பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சரித்திரமாக எடுத்துக்கொண்டால் போதும்.

பிரஸ்ஸல்ஸில் எங்கள் 'சொல் மாண்பு மீட்புக் குழு' கூடியது ஒரே ஒரு சொல்லுக்காக: வேலை. அதன் பூர்வோத்திரத்தைத் தோண்டினால் நாற்றம் தாங்கவில்லை. தலைவர் லெமுவான் பிரெஞ்சுக்காரர். வேலைக்கு அவர் மொழிச் சொல்லான 'த்ரவாய்', ஆளைக் கட்டி வதைக்கும் மூன்று கம்புகளிலிருந்து வந்ததாம். ஆஸ்திரியனான என்னுடைய 'ஆர்பைட்' அநாதைப் பிள்ளையின் பாடு. இத்தாலியரின் 'லவோரோ' வெறும் துன்பம்தான். பாவம், கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

"எங்க 'துலியா' சுத்தமான அடிமைத்தனம்," என்றார் கிரேக்க உறுப்பினர் கிரியாகி, கழுத்தை நிமிர்த்தி.

"எங்க 'ரபோத்தா'வும் அடிமைதாங்க," என்றார் பல்கேரியர்.

"இருக்கட்டும். எங்க அடிமை சீனியர்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த காரியதரிசி இல்கா ஹங்கேரிக்காரி. "எங்க 'முன்கா'வுக்கும் பூர்வீகம் வேதனைதான் சார்," என்றாள். உறுப்பினர் அல்லாதவர் என்பதால் அவள் வேதனை குறிப்பில் ஏறவில்லை.

அந்தக் கெட்ட வார்த்தையை அலுவலகத்தை விட்டே தள்ளி வைத்தோம். இனி இங்கே யாரும் வேலை செய்ய மாட்டார்கள், 'மலர்வார்கள்'. தீர்மானம் நிறைவேறிய களைப்பில் மட்டிச் சிப்பி சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது இல்கா வாசலிலேயே நின்றாள்.

"சார், சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். எங்க ஊர் செகெட்டுக்குப் போய்ச் சேரணும். வெள்ளிக்கிழமை லீவு வேணும்."

"எதிலேர்ந்து லீவு?" என்றார் லெமுவான்.

"வேலையிலேர்ந்துதான்."

"அதான் இங்க இல்லையேம்மா. மலர்றதுக்குப் போய் யாராவது லீவு கேப்பாங்களா?"

"போன மாசமே சரின்னீங்களே சார்."

"போன மாசம் அது வேலை."

"வெள்ளிக்கிழமை அறிக்கை போயாகணும், யார் டைப் அடிக்கறது?" என்றார் கிரியாகி.

இல்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தீர்மானம் தீர்மானம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டை எடுத்து மாட்டினாள்.

"மலர்றதுதானே சார். அதை எங்க வேணும்னாலும் பண்ணலாம். நான் செகெட்ல போய் மலர்ந்துக்கறேன்."

போயே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் ஐவருமே மலர உட்கார்ந்தோம். பிரிண்டரில் காகிதத்தை எந்தப் பக்கமாகச் செருகுவது என்பதிலேயே கருத்து வேறுபாடு. லெமுவான் ஒற்றை விரலால் தட்டினார். மத்தியானம்வரை தலைப்பைத் தாண்டவில்லை. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இத்தாலியர் முதல் ஆளாக, "நல்லாவே துன்பமா இருக்கு," என்றார்.

"இதெல்லாம் மனுஷன் செய்யற காரியமா," என்றார் தலைவர்.

முன்னோர்கள் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டோம். இத்தனை காலமும் அந்தச் சொல்லை ஆராய்ந்தோமே தவிர, அதைச் செய்து பார்த்தது அன்றைக்குத்தான். உடனே மலர்ச்சித் தீர்மானத்தை ரத்து செய்தோம். வேலை என்பது வதையே என்பது குழுவின் இறுதி முடிவு. வதை என்று தெரிந்த பிறகு படித்தவர்கள் அதில் கை வைக்கலாமா? திங்கட்கிழமை காலையில் வந்து அறிக்கையை முடித்துத் தரும்படி, கல்யாண வாழ்த்தோடு சேர்த்து இல்காவுக்குச் செய்தி அனுப்பினோம்.