அசல் மங்கல்

இருட்டில் ஓடும் வண்டிக்கு விளக்கு வேண்டும் என்பதில் உலகத்தில் எவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேட்டால்தான் தகராறு.

கணக்கு டீச்சரின் கார் அவருடைய அப்பா ஓட்டியது. உருண்டை முதுகு, வெளியே துருத்திய இரண்டு கண்கள், கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. விளக்குகளில்தான் வயது தெரிந்தது. முன்விளக்கு எரிகிறதா என்று அறிய இறங்கிப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் எரிகிறது.

டீச்சருக்கு மாலைக் கல்லூரியிலும் வகுப்பு உண்டு. திரும்பும்போது இருட்டிவிடும். ஆகவே மருந்துக்கடை வைத்திருக்கும் அவருடைய கணவர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டார்ச் அடித்துக்கொண்டு வருவார்.

"என்னங்க, ஓரமா அடிங்க. நாய் நிக்குது."

"நாய் இல்லம்மா. சாக்கு மூட்டை."

"மூட்டை எழுந்து ஓடுதே!"

ஒரு நாளாவது சாயங்காலம் நண்பர்களோடு கேரம் ஆட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதை டீச்சரிடம் சொன்னதில்லை. கேரம் பலகைக்குப் பவுடர் மட்டும் அவ்வப்போது வாங்கி வைப்பார்.

இப்படி இருக்கையில் ஊருக்கு வெளியே, பழைய வண்டிகளை நசுக்கும் ராட்சத இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு அதற்கு நசுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இயந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைப்பது நிர்வாகத்துக்கு அழகல்ல என்பதால் ஒரு சட்டம் வந்தது. வயதான வண்டிகள் இரண்டு சான்றிதழ் பெற வேண்டும். ஒன்று, வண்டி புதிய வண்டியைப் போலப் பாதுகாப்பானது என்பதற்கு. மற்றொன்று, வண்டி பழைய வண்டியாகவே இருக்கிறது என்பதற்கு. மூன்று முறை சோதனையில் தவறினால் இயந்திரம்.

டீச்சர் ஒரு காலைப்பொழுதில் வாகனத் தகுதி அலுவலகத்துக்குப் போனார். அறை வாசலில் "சாலைப் பாதுகாப்புப் பிரிவு" என்று பலகை தொங்கியது. அதிகாரி வண்டியைக் கொட்டகைக்குள் விடச் சொல்லி, கதவை அடைத்து, ஒளிமானியை முன்விளக்கிடம் காட்டினார். முள் அசையவில்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார்.

"மேடம், விளக்கைப் போடுங்க."

"போட்டுத்தான் இருக்கேன் சார்."

"இது விளக்கா? எல்.இ.டி. பல்பு மாத்திட்டு வாங்க."

முதல் தவறு பதிவாயிற்று.

கடைத்தெருவில் பல்பு விற்றுக்கொண்டிருந்தவர் சமீபத்தில் கடைக்கு "ஒளி அனுபவ மையம்" என்று பெயர் மாற்றி, கறுப்புச் சட்டை போட ஆரம்பித்திருந்தார். முன்விளக்கு, பின்விளக்கு, திரும்பும் விளக்கு எல்லாவற்றையும் அவரே மாற்றினார். முன்னால் பகல் மாதிரி வெளிச்சம் வந்தது. ஆனால் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. வைத்ததில் பிரேக் விளக்கு ரோஸ் நிறத்தில் எரிந்தது.

"இது என்ன, வண்டி வெக்கப்படுதா?" என்றார் டீச்சர்.

"இப்போ இதான்க்கா ட்ரெண்டு."

"பின்னால வர்றவன் நின்னாப் போதும். ரசிக்க வேணாம். சிவப்பு மாத்துங்க."

சிவப்பு எல்.இ.டி. வைத்தபின் சரியாயிற்று. திரும்பும் விளக்குதான் மூச்சு வாங்குவதுபோல் படபடவென்று அடித்துக்கொண்டது.

"புது பல்பு கரண்ட்டை ரொம்பக் கொஞ்சமாத்தான் எடுக்குதுக்கா. விளக்கைச் சிமிட்ட வைக்கிற ரிலே உள்ள இருக்கு. அது, பல்பு செத்துப்போச்சுன்னு நினைச்சுப் பதறுது. மிச்சமாகிற கரண்ட்டை வீணாக்க ஒரு சாமான் இருக்கு. அதைப் போட்டா அமைதியாயிடும்."

"மிச்சம் பிடிக்க பல்பு, மிச்சத்தை வீணாக்க சாமானா?"

"ஆமாக்கா. ரெண்டும் நம்மகிட்டயே இருக்கு."

மறுமுறை போனபோது இந்த ஏற்பாட்டைக் கேட்ட அதிகாரி முகம் மலர்ந்தார். "எங்க ஆபீஸ்லயும் அப்படி ஒரு பதவி இருக்கு" என்றார். ஒளிமானியின் முள் கடைசிவரை போய் முட்டியது. பாதுகாப்புச் சான்றிதழ் கிடைத்தது.

மற்றொரு சான்றிதழுக்கு மதியம் வரச் சொன்னார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கடைநிலை ஊழியர் வந்து வாசல் பலகையைத் திருப்பி மாட்டினார். மறுபக்கத்தில் "பழம்பெரும் வாகனப் பாதுகாப்புப் பிரிவு" என்று இருந்தது. நாற்காலியின் நீல மெத்தையை எடுத்துவிட்டுப் பச்சை மெத்தையைப் போட்டார். அதில் அதே அதிகாரி வந்து உட்கார்ந்தார். வண்டியைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ! இந்த அழகான வண்டியில எல்.இ.டி. மாட்டச் சொன்ன கிராதகன் யாரு மேடம்?"

"நீங்கதான் சார். அன்னிக்குக் காலையில, இதே நாற்காலியில."

"ஓ, அவரா? அவர் சொன்னதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?"

"நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எழுதியிருக்கேன். பதிலே இல்லை."

"ஏன் சார் பதில் போடல?"

"அதை அவர்கிட்டதான் கேக்கணும். நாளைக்குக் காலையில வருவார்."

இரண்டாம் தவறு பதிவாயிற்று. டீச்சரும் விடவில்லை. மறுநாள் காலையில் போய்க் கேட்டார். நீல மெத்தையில் இருந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மதியம் இருக்கிறவர் அப்படித்தான் மேடம். பழசைக் கண்டா உருகிடுவார். அவர் எழுதினதைப் படிச்சேன். பதில் போடுற தரத்துல இல்லை."

வேறு வழியில்லாமல் டீச்சர் பழைய பல்புகளைத் திரும்ப மாட்டினார். மதியம் பச்சை மெத்தைக்காரர் கண் கலங்க, "ஆஹா, என்ன மங்கல்! அசல் மங்கல்!" என்று சொல்லிப் பழம்பெரும் வாகனச் சான்றிதழைக் கொடுத்தார். எல்.இ.டி.யைக் கழற்றியதால் பாதுகாப்புச் சான்றிதழ் தானாக ரத்தாயிற்று. இனி மிச்சமிருந்தது ஒரே ஒரு சோதனை. அதில் தவறினால் அப்பாவின் கார் தகடாகிவிடும்.

கடைசிச் சோதனை நாள் காலையில் டீச்சர் வண்டியைத் துடைத்து, அப்பா செய்வதுபோல ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார். கணவரும் கூட வந்தார். கொட்டகைக் கதவை அடைத்தார்கள். உள்ளே கும்மிருட்டு. முன்விளக்குகள் தங்களால் இயன்ற அளவு எரிந்தன. ஒளிமானியைப் பார்த்த அதிகாரி பெருமூச்சு விட்டார்.

"மன்னிக்கணும் மேடம். கடமை. எங்கே கையெழுத்துப் போடணும்னே தெரியலையே. பேனா எங்கே விழுந்தது?"

இருட்டில் யார் எதைத் தேடினாலும் கணவருக்குக் கை தானாக நீளும். ஜன்னல் வழியாக டார்ச் அடித்தார். கொட்டகை பளிச்சென்று ஆனது. ஒளிமானியின் முள் துள்ளியது. அதிகாரி குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"இந்த வெளிச்சம் எங்கேருந்து வருது?"

கணவர் டார்ச்சை அணைக்கப் போனார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டியிலேருந்து சார்."

"எல்.இ.டி.யா?"

"ஆமா சார்."

"வண்டியோட பொருத்தியிருக்கா? அப்படின்னா மதியம் இருக்கிறவர் ஒத்துக்க மாட்டார்."

"பொருத்தல சார். உட்கார்ந்திருக்கு."

அதிகாரி வண்டியைச் சுற்றிவந்து கணவரைக் கூர்ந்து பார்த்தார்.

"புதுசா சேர்த்ததா?"

"இல்ல சார். கல்யாணம் ஆன நாள்லேருந்து அதே இடம்."

"அசலா?"

"எங்க அப்பா பார்த்து வெச்சது."

அதிகாரிக்குத் திருப்தியாக இருந்தது. வண்டியில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை, வெளிச்சமும் இருக்கிறது. அவருடைய பணிக்காலத்தில் காலையும் மதியமும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. "பக்கவாட்டுத் துணை விளக்கு, மனித வகை, ஒன்று" என்று சான்றிதழில் எழுதி முத்திரை குத்தினார். நிபந்தனைகளையும் வாசித்தார். மேற்படி விளக்கை மாற்றவோ மேம்படுத்தவோ கூடாது. இருட்டிய பிறகு வண்டியிலிருந்து பிரிக்கக் கூடாது. ஆண்டுதோறும் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

"சார், நான் எப்போ கேரம் ஆடறது?" என்றார் கணவர்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "கேரமா? இதுவரைக்கும் சொல்லவே இல்லையே?"

"பகல்ல ஆடுங்க" என்றார் அதிகாரி. "பகல்ல விளக்கு அணைஞ்சுதானே இருக்கணும்."

கார் தப்பியது. சங்கதி பரவியது. கொஞ்ச நாள் ஊரே சிரித்தது. பிறகு மற்ற பழைய கார்க்காரர்களும் ஆளுக்கொரு கணவரையோ மச்சானையோ டார்ச்சோடு உட்கார வைத்தார்கள். அதைப் பார்த்துப் புதுக் கார்க்காரர்களுக்கு ஏக்கம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தால்தான் குடும்பத்துக்கு கௌரவம் என்று ஆனது. ஒளி அனுபவ மையத்தில் எல்.இ.டி. பல்புகளைக் கழற்றிவிட்டு, எரிவதே தெரியாத பல்புகளை அதைவிட அதிக விலைக்கு மாட்டினார்கள். அந்தப் பெட்டியின் மேல் "அசல் மங்கல்" என்று அச்சிட்டிருந்தது.

ஆண்டு திரும்பியது. டீச்சரின் கணவருக்கு மூக்குக்கண்ணாடியின் பவர் கூடியிருந்தது. சோதனைக்குப் போன இடத்தில், புதுக் கண்ணாடி போட அனுமதி கேட்டார். தெளிவாகப் பார்க்காவிட்டால் விளக்கு எதற்கு என்று காலையில் கையெழுத்தாயிற்று. மதியம் மறுக்கப்பட்டது. மூக்குக்கண்ணாடியை மாற்றினால் விளக்கு அசல் இல்லை.

"அப்போ என்ன சார் பண்றது?"

"இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கே" என்று பச்சை மெத்தைக்காரர் ஆறுதல் சொன்னார்.

"அதுலயும் தவறினா?"

அதிகாரி ஊருக்கு வெளியே போகும் சாலையின் பக்கம் பார்த்தார். அங்கே நசுக்கும் இயந்திரம் இன்னமும் சும்மாதான் நின்றது.

வெளியே, பழைய பல்பும் புது டார்ச்சுமாக வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டிருந்தது. தவறிவிட்டு வெளியே வந்த டீச்சரின் கணவரைப் பார்த்து, வரிசையில் டார்ச்சோடு நின்ற நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போது கடைநிலை ஊழியர் வந்து, "அடுத்த விளக்கு" என்று கூப்பிட்டார்.