இடுப்பிலிருந்து குனிந்த கதை

குனிவதற்கெல்லாம் யாராவது பயிற்சி எடுப்பார்களா என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் ட்ரெய்னியாக இருந்தபோது, ஒரே மூச்சில் இரண்டு சீட் ஃபிரேம்களைத் தூக்கிக் காட்டினேன் (யாரும் கேட்கவில்லை). ஃபிரேம்கள் மேலே வந்தன. நான் வரவில்லை.

சீட் பூட்டும் லைனிலிருந்து எடுத்து ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள். பிசியோதெரபிஸ்ட் சரி என்றால்தான் மறுபடி லைன். லைனுக்குப் போனால்தான் பெர்மனென்ட். பெர்மனென்ட் ஆனால்தான் பெண் தருவேன் என்று கோவில்பட்டியில் மகாவின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். ஆக, என் கல்யாணமே என் இடுப்பை நம்பித்தான் இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் ரெஹானா மேடம் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். நான் நடந்து வருவதைப் பார்த்தே எந்தப் பக்கம் வலி என்று சொல்லிவிட்டார். மாத்திரை தருவார் என்று போனால், மாப் கட்டையை முதுகோடு சேர்த்து வைத்தார். தலை, முதுகு, வால் எலும்பு மூன்றும் கட்டையை விட்டு விலகாமல் குனிய வேண்டுமாம்.

“குனியறது முதுகோட வேலை இல்லண்ணா, இடுப்போட வேலை. ரெண்டு கைலயும் பால் பாக்கெட் வச்சிகினு பின்னாடி இருக்கற கதவை எப்படி சாத்துவீங்க? அப்படி இடுப்பைத் தள்ளுங்க.”

அவ்வளவுதான், புரிந்துவிட்டது. இப்படிச் சொல்லித்தர ஆள் இருந்திருந்தால் நான் கணக்கில்கூடப் பாஸாகியிருப்பேன். பத்து முறை குனிந்து நிமிர்ந்தால் ஒரு செட். அவர் போட்ட கண்டிஷன் ஒன்றுதான்: செட்டை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது.

லைனுக்குப் போகலாமா என்று மேடம் பார்க்கும் டெஸ்ட் அன்று காலை, ரிசப்ஷன் கதவருகே கடைசியாக ஒரு செட் போட ஆரம்பித்தேன். கதவு திறந்தது. ஜப்பானிலிருந்து வந்த பெரிய அதிகாரி, அவர் பின்னால் பிளான்ட் ஹெட், ஹெச்.ஆர். நான் குனிந்தேன். அதிகாரியும் அழகாகக் குனிந்தார். நிமிர்ந்தேன், நிமிர்ந்தார். செட் முடியவில்லையே! மறுபடி குனிந்தேன். அவர் இன்னும் ஆழமாகக் குனிந்தார். அவரே குனியும்போது பிளான்ட் ஹெட் சும்மா நிற்க முடியுமா? அவரும் குனிந்தார். ஹெச்.ஆர். குனிந்தார். செக்யூரிட்டியும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“யோவ், இன்னாய்யா பண்ற? நிறுத்துய்யா!” என்று பிளான்ட் ஹெட் குனிந்தபடியே பல்லைக் கடித்தார்.

“செட் முடியல சார்” என்றேன் (இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது).

அடுத்த முறை எல்லோரும் நிமிர்ந்தோம். பிளான்ட் ஹெட் மட்டும் நிமிரவில்லை. “ஐயோ அம்மா” என்றார். பெர்மனென்ட், மகா, கல்யாண மண்டபம் எல்லாம் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டதாகவே நினைத்தேன்.

சத்தம் கேட்டு ரெஹானா மேடம் வந்தார். பதற்றமே இல்லை.

“சார், இழுக்காதீங்க. கையைத் தொடையில ஊணுங்க. முட்டியை லேசா மடக்குங்க. மூச்சை விட்டுகினே இடுப்பை முன்னாடி கொண்டாங்க.”

பிளான்ட் ஹெட் மெல்ல முழு உயரத்துக்கு வந்தார். அதிகாரி கை தட்டினார். மேடம் விடவில்லை; ரிசப்ஷனில் காட்சிக்கு வைத்திருந்த ஒரு ஃபிரேமை அங்கேயே என்னைத் தூக்கச் சொன்னார். இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து தூக்கினேன். வலி இல்லை!

“பாத்தீங்களா சார், குனிஞ்சா இப்படிக் குனியணும். இவரை லைனுக்கு அனுப்பலாம்.”

“அனுப்பு, அனுப்பு. எனக்கு எப்பம்மா கிளாஸ்?” என்றார் பிளான்ட் ஹெட், இடுப்பைப் பிடித்துக்கொண்டே. அந்த மேடத்துக்குக் கோயில் கட்டலாம் என்று எனக்குத் தோன்றியது.

பெர்மனென்ட் ஆனேன். கல்யாணமும் ஆனது. இப்போதெல்லாம் வீட்டில் ஏதாவது தப்புச் செய்துவிட்டு நான் கைகூப்பிக் குனிந்தால், மகா என் முகத்தையே பார்ப்பதில்லை. பக்கவாட்டில் வந்து நின்று பார்க்கிறாள்.

“முதுகு வளையுது. இந்த மன்னிப்பு செல்லாது. முதல்ல இருந்து கேளுங்க.”