மூன்றாம் மாடி வழக்கும் உன் இயந்திரத்தின் தீர்ப்பும்

என் தம்பி மகளுக்கு அத்தை எழுதுவது.

உன் மாமாவின் வலது முழங்காலைத் தவிர இங்கு எல்லாம் நலம். அங்கு நீயும், முடிவதாகத் தெரியாத உன் ஆய்வேடும் நலமென நம்புகிறேன். இதைக் கைப்பேசியில் அனுப்பாததற்குக் காரணம் உண்டு. அதில் என் முதல் வரிக்கே நீ பதில் அனுப்பத் தொடங்கிவிடுவாய். தாள் குறுக்கே பேசாது.

எங்கள் கணினியில் நீ ஏற்றிவிட்டுப் போன, வாதங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் நிரலைப் பற்றியதே இக்கடிதம். ஒவ்வொரு வாதமும் ஒரு வட்டம், ஒன்று மற்றொன்றை மறுத்தால் ஓர் அம்பு, யாரும் மறுக்காத வாதம் நிற்கும், மறுக்கப்பட்டது விழும், மறுத்ததையே வேறொன்று வீழ்த்தினால் விழுந்தது எழுந்துகொள்ளும் என்று நீ விளக்கினாய். வட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை இயந்திரம் படிப்பதே இல்லை, யார் யாரை அடிக்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்கும் என்றும் பெருமையோடு சொன்னாய். ஆயுள் முழுவதும் கல்லூரியில் அளவையியல் கற்பித்த எனக்கு இது புதிதல்ல. எங்கள் ஆட்சிக்குழு அப்படித்தான் நடந்தது.

வழக்கு உனக்குத் தெரிந்ததே. இதே கட்டடத்தில் தரைத்தள வீடு காலியாகிறது. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி அதற்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று இந்த வாரத்துக்குள் உரிமையாளருக்குச் சொல்லியாக வேண்டும். ஊரிலுள்ள கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற உன் மாமா, லிஃப்டே இல்லாத கட்டடத்தில் உச்சிமாடியில் குடியிருக்கிறார். இது வாதமல்ல, வேடிக்கை. ஆகவே வட்டத்தில் சேர்க்கவில்லை.

முதல் நாள் உன் மாமா ஒற்றை விரலால் ‘முழங்கால் வலிக்கிறது, கீழே போகலாம்’ என்று ஒரு வட்டம் போட்டார். நான் உடனே ‘படியேறுவது காலுக்கு நல்லது என்று மருத்துவரே சொன்னார்’ என்று எழுதி அதன்மேல் அம்பை விட்டேன். கூடவே, ‘நான் பிடிவாதக்காரி அல்ல, இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டேன்’ என்றும் ஒரு வட்டம். அதிலிருந்து கிளம்பி அதன்மேலேயே விழும்படி அவர் ஓர் அம்பை வளைத்துவிட்டார். அன்று அவர் விட்ட அம்பு அது ஒன்றுதான்.

“கால் விஷயத்துக்கும் பதில் போடுங்க.”

“எதுக்கு? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“சரியா இல்லையான்னு அது சொல்லட்டும். நீங்க போடுங்க.”

“எனக்குத் தூக்கம் வருது.”

இயந்திரம் என் பக்கம் தீர்ப்பளித்தது. எதிர்த்து அம்பு வராததால் வென்றிருக்கிறேன். மணவாழ்வு முழுவதும் இப்படித்தான் வென்றிருக்கிறேனோ என்று ஓர் ஐயம் எழுந்தது. அவருக்காக வாதாட வேறு ஆள் இல்லாததால் நானே உட்கார்ந்து, ‘மருத்துவர் அப்படிச் சொன்னது எனக்கு, அவருக்கு அல்ல’ என்று எழுதி என் வட்டத்தை நானே அடித்தேன். உண்மையும் அதுதான். விழுந்து கிடந்த முழங்கால் எழுந்துகொண்டது. கீழே போகவேண்டும் என்றது இயந்திரம். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் மறுபடி ‘இங்கேயே இருக்கவும்’. முழங்கால்மேல் புதிதாக ஓர் அம்பு. வட்டத்துக்குள், எழுத்துப் பிழையோடு: ‘கீழ்வீட்டில் வெயில் வராது. அவள் சண்ணலோரம் படிக்கிறவள்.’

“யார் போட்டது இது?”

“எது?”

“இந்த வீட்ல சன்னலுக்கு மூணு சுழி ‘ண’ போடறவர் ஒருத்தர்தான். நீங்க எந்தக் கட்சி?”

“உன் கட்சிதான்.”

“நான் நேத்து ராத்திரியே உங்க கட்சிக்கு வந்தாச்சு.”

“அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அதன்பின் நடந்தது கௌரவமான விவாதம் அல்ல. ‘அவர் காலே முக்கியம்’ என்று நான் எழுத, ‘அவள் கண்ணே முக்கியம்’ என்று அவர் எழுத, இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நின்றன. எதையும் ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை என்று உன் இயந்திரம் கைவிரித்தது. இதைச் சொல்ல இயந்திரம் எதற்கு? எதைக் கேட்டாலும் உன் அப்பன் இதைத்தான் சொல்வான். உன் ஆய்வேட்டுக்கு ஒரு குறிப்பு: இரு தரப்பும் தோற்பதற்காகவே வாதாடும் வழக்குக்கு உன் விதிகளில் இடமில்லை. தேர்வாளர்கள் கேட்பார்கள், பதிலைத் தயார்செய்துகொள்.

தீர்ப்பு இல்லாத வழக்கில் இருப்பது இருந்தபடியே இருக்கும் என்பது முறை. ஆகவே மூன்றாம் மாடியிலேயே இருக்கிறோம். இது என் இறுதி முடிவு. இதன்மேல் யாரும் அம்பு விடவேண்டாம். உன் நிரலை அழித்துவிட்டேன்.

உன் கண்ணுக்கும் முதுகுக்கும் பழுது வராமல் உன் படிப்பு முடியட்டும். வேளைக்குச் சாப்பிடு. உன் அப்பனிடம், கேட்டதாகச் சொல், அதற்குமேல் ஒன்றும் சொல்லாதே.

அன்புடன்,
அத்தை

பின்குறிப்பு: உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். கடிதத்தை அஞ்சலில் போடப் புறப்பட்டு, அஞ்சல்தலை ஒட்ட மறந்ததால் போடாமலே திரும்பினேன். பால் வாங்கக் கூடவே வந்த உன் மாமா, திரும்பி ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார். “நீ போ. நான் இந்தச் சுவரைக் கொஞ்சம் பாத்துட்டு வரேன்” என்றார். அந்தச் சுவரில் மின்மீட்டர் பெட்டியைத் தவிர ஒன்றுமில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்படி என்ன இருக்கு அதுல?” என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இங்க ஒரு லிஃப்ட் வச்சிருக்கலாம்” என்றார். இந்த வரிகளை உரிமையாளரின் மேசையில், அவர் பேனாவால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கீழே மாறுகிறோம். புத்தகங்கள் நிறைய, உன் ஆய்வுக்கூட நண்பர்களில் முதுகு நன்றாக இருப்பவர்களை அழைத்து வா. சன்னலோரம் வைக்க நல்ல விளக்கு ஒன்றும் வாங்கி வா. உன் மாமா சொன்னதற்கு எதிராக ஓர் அம்பு கிடைக்குமா என்று இங்கே படியிறங்கி வரும் வழியெல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை.