கேட்டுப்பாப்போம் அண்ணனும் வங்கி பிடித்த பணமும்

‘முடியாது’ என்ற சொல்லுக்குப் பயப்படாத மனிதர் பேராக் மாநிலம் முழுவதிலும் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஜெலாப்பாங் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் குடியிருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் ‘கேட்டுப்பாப்போம் அண்ணே’. பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா, அதாவது காவலாளி வேலை. அது சம்பளத்துக்குச் செய்வது. கேட்பதுதான் அவருடைய உண்மையான தொழில்.

எதற்கும் கேட்பார். எவரிடமும் கேட்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு, “டாக்டர், ரெண்டு பல்லு புடுங்குனா ஒண்ணு ஃப்ரீயா?” என்றார். டாக்டர் சிரித்த சிரிப்பில் கட்டணம் குறைந்தது. போக்குவரத்துச் சம்மனுக்குப் பாதி தள்ளுபடி என்று அறிவித்தபோது நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கட்டிவிட்டு வந்தோம். இவர் முகப்பில் இருந்த பெண்ணிடம், “அடுத்த சம்மனுக்கும் சேத்து இப்பவே குறைச்சுப் போடுங்க, எப்படியும் வாங்கத்தான் போறேன்” என்று கேட்டார். அது மட்டும் கிடைக்கவில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

மாடியில் ஒரு பெரியவர் இறந்தபோது நடந்ததை இன்றும் சொல்லிச் சிரிப்போம். சவ வண்டிக்காரர் போகவர என்று வாடகை சொன்னார். வீடு முழுக்க அழுகைச் சத்தம். அண்ணே வண்டிக்காரரைத் தனியே அழைத்துப் போனார். “தம்பி, பெரியவரு போறது மட்டும்தான்லா. திரும்பி வர்றது நீ. ஒன்னைய ஏத்திக்கிட்டு வர்றதுக்கு நாங்க ஏன் காசு குடுக்கணும்?” வண்டிக்காரர் வாடகையைக் குறைத்துக்கொண்டார். இறந்தவரின் மகனே அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

நான் இதற்கு நேர் எதிர். சாப்பாட்டுக் கடையில் உப்பு குறைந்தால்கூடக் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே விழுங்கும் சாதி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் சாப்பிட மட்டும்தான் இருந்தது.

அப்போது நான் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் ஓட்டுகிறேன், பத்திரிகையில் எழுதுவது சோறு போடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊரடங்கில் பள்ளிகள் மூடியதும் வேன் வெயிலில் நின்றது. வங்கியில் எனக்கு ஓவர்டிராஃப்ட் வசதி இருந்தது. கணக்கில் பணம் தீர்ந்தாலும் ஓர் எல்லை வரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தேன், எல்லை வரை எடுத்தேன், ஒருநாள் எல்லையும் தாண்டியது. தாண்டியதற்கு ஒரு கட்டணம் பிடித்தார்கள். அந்தக் கட்டணத்தால் கணக்கு இன்னும் கீழே போனது. அப்படிப் போனதற்கு இன்னொரு கட்டணம். பள்ளி திறந்த பிறகு பெற்றோர் அனுப்பிய வேன் கட்டணமெல்லாம் கணக்கில் விழுந்த மறுநிமிடமே காணாமல் போயிற்று. பிள்ளைகளை ஏற்றி இறக்கியது நான், சம்பாதித்தது வங்கி.

மாதக் கடைசியில் வேனுக்கு இன்சூரன்சும் ரோட் டேக்சும் புதுப்பிக்க வேண்டும். அது இல்லாமல் வேனைச் சாலையில் இறக்க முடியாது. இரண்டு நாள் வேன் வராவிட்டால் பெற்றோர் வேறு வேன் பார்த்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டு அடுப்பு அந்த வேனை நம்பித்தான் எரிந்தது. என் மனைவி சாந்தியைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொல்ல வெட்கம்.

அந்த நேரம் பார்த்து அண்ணே வந்தார். வேறு எதற்கு வருவார்? கேட்கத்தான்.

“தம்பி, தஞ்சோங் ரம்புத்தான்ல கோயில் திருவிழா. நம்ம அக்காமாருங்கள ஏத்திக்கிட்டுப் போலாமா? பெட்ரோல் காச மட்டும் பாதி குடுக்கிறோம்.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “வேனே அடுத்த மாசம் இருக்காதுண்ணே! நீங்க வேற!” என்று கத்திவிட்டேன். கத்திய வாயை மூட முடியவில்லை, எல்லாம் கொட்டிவிட்டது. அவர் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டார்.

“சரி, புடிச்சத திருப்பித் தாங்கன்னு பேங்க்ல கேட்டியா?”

“எப்படிண்ணே கேக்குறது? சட்டப்படிதானே புடிக்கிறாங்க.”

“சட்டத்த விடு. கேட்டியா, கேக்கலியா?”

“கேக்கல.”

நான் ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருந்தால்கூட அவர் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார். “நாளைக்குக் காலையில வாரேன்” என்று எழுந்து போனார்.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பினால், கீழே அண்ணே சலவைச் சட்டையில் நிற்கிறார். பின்னால் பட்டுச்சேலை, விபூதி, கைப்பையுடன் ஐந்தாறு அக்காமார். எல்லாரும் அவரோடு ஒரே ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். தோட்டத்தை விற்றபின் இந்த அடுக்குமாடிக்கு வந்தவர்கள்.

“அண்ணே, திருவிழா இன்னைக்கா?”

“பேங்க்குக்குலா. எஸ்டேட்ல ஆபீசுக்குத் தனியா யாரும் போக மாட்டோம். தனியாப் போனா கிராணி உள்ளயே விடமாட்டான். லயத்து வீட்டுச் சனம் எல்லாம் திரண்டு போனாத்தான் தொர நாக்காலிய விட்டு எந்திரிப்பாரு.”

தோட்டத்து எழுத்தரான கிராணிக்கும் மேலாளரான துரைக்கும் ஈப்போ நகரத்து வங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்க முயன்றேன். அதற்குள் அக்காமார் வேனில் ஏறி, சன்னலோரத்துக்குச் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள்.

வங்கி வாசலில் காவலர் கையை நீட்டி மறித்தார். மறியல் போராட்டம் என்று நினைத்திருக்க வேண்டும். அண்ணே, “நானும் ஜாகாதான், மச்சான்” என்று தோளில் கை போட்டதும் வழி கிடைத்தது. உள்ளே நுழைந்ததும் அக்காமார் ஆளுக்கொரு வரிசை எண் சீட்டை இழுத்துவிட்டார்கள். கிழிக்கும் சீட்டு இலவசம் என்றால் யார்தான் விடுவார்கள்? அதன் பிறகு எந்த முகப்பில் எண் கூப்பிட்டாலும் எங்கள் ஆள்தான் போய் நின்றார்.

“இனி கேஸ் தம்பி,” என்று ஓர் அக்கா, இது தம்பியோட கேஸ் என்பதை மலாயில் சொல்லி என்னைக் கைகாட்டினார். அடுத்த முகப்பில் அடுத்த அக்கா. அங்கேயும் “இனி கேஸ் தம்பி.” தம்பி கேஸ், தம்பி கேஸ் என்று வங்கி முழுக்க என் கேஸ்தான். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கடைசியில் உள்ளேயிருந்து மலாய்ப் பெண் அதிகாரி ஒருவர் வந்தார். “செமுவா சத்து கேஸ்?” எல்லாரும் ஒரே விஷயமா என்கிறார்.

“சத்து கேஸ், புவான்,” ஒரே விஷயம்தான் அம்மா என்றார் அண்ணே பணிவாக.

அவருடைய அறைக்குள் அத்தனை பேரும் நுழைந்தோம். நாற்காலி போதவில்லை. முழங்கால் வலியோடு நின்ற மூத்த அக்காவைப் பார்த்ததும் அதிகாரி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அண்ணே என் விலாவில் இடித்தார். “பாத்தியா, தொர எந்திரிச்சாச்சு.”

“யாருடைய கணக்கு? என்ன பிரச்சினை?” என்று அதிகாரி கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். பெரியவரின் கடைசிப் பயணத்துக்கே பேரம் பேசிய வாய் ஆயிற்றே. அவரோ கையைக் கட்டிக்கொண்டார்.

“நீ சொல்லு தம்பி.”

“நீங்களே கேளுங்கண்ணே.”

“நான் கேட்டா சும்மா வாயடிக்கிறேன்னு நெனைப்பாங்க. கஷ்டம் ஒன்னோடது. நாங்க கூட நிக்கத்தான் வந்தோம்.”

நான் கதவைப் பார்த்தேன். ஆனால் அறை முழுக்க எனக்காகப் பட்டுச்சேலை கட்டி வந்தவர்கள் நின்றார்கள். சொன்னேன். வேன் நின்றது, கட்டணத்துக்கு மேல் கட்டணம் ஏறியது, மாதக் கடைசியில் வேன் போனால் வீட்டில் ஒன்றுமில்லை என்பது, எல்லாம். பிடித்த பணத்தைத் திருப்பித் தர முடியுமா என்று என் வாயாலேயே கேட்டேன். பாதியில் குரல் உடைந்தது. நாற்காலியில் இருந்த அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அதிகாரியைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, “ஏன் முன்பே வந்து சொல்லவில்லை?” என்றார். அதட்டலாக அல்ல. உண்மையாகவே கேட்டார். நெருக்கடியில் இருப்பவர்கள் விண்ணப்பித்தால் இந்தக் கட்டணங்களை மறுபரிசீலனை செய்ய வழி இருக்கிறதாம். தானே எழுதி மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். கும்பிட்டுக் கிளம்பினோம். கதவருகில் அண்ணே நின்றார்.

“புவான், அக்காமாருக்கு ஆளுக்கொரு காலண்டர் கிடைக்குமா?”

அது வருடத்தின் நடுப்பகுதி. கிடைத்தது.

அடுத்த வாரம் தொலைபேசி வந்தது. பிடித்ததில் முக்கால்வாசியைக் கணக்கில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மீதிக் கடனைச் சிறுகச் சிறுகக் கட்டலாம். அன்றே இன்சூரன்ஸ் எடுத்தேன். சாந்தி வாசலில் நின்று வேனைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் நேராகத் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன்.

“முக்காவாசி வந்திருச்சுண்ணே.”

“மிச்சம்?”

“அத விடுங்கண்ணே. நீங்க மட்டும் இல்லேன்னா...” என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் நெளிந்தார். மாநிலத்தையே வாயால் வளைத்த மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தார். “இரு இரு, லாரி வருது” என்று கையை உருவிக்கொண்டு ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்துவிட்டார். சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

அன்று முதல் இதே கதைதான். நான் அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்குத் தொலைபேசி வரும், தண்ணீர்க் குழாய் திறந்து கிடக்கும், லாரி வரும். கேட்பதற்குக் கூசாத மனிதருக்கு நன்றியை வாங்கிக்கொள்ளத்தான் தெரியவில்லை. அதனால்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். முடிவெட்டும் கடையில் இந்தப் பத்திரிகையை இனாமாகக் கேட்டு வாங்கிப்போய்ப் படிப்பார் என்பது தெரியும்.

அண்ணே, அன்றைக்கு நீங்கள் எனக்காகப் பேசாமல் கூட நின்றீர்களே, அதனால்தான் என் வீட்டில் இன்னும் அடுப்பு எரிகிறது. நன்றி, அண்ணே. லாரி ஒன்றும் வரவில்லை. இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.